டேப் வைத்து அளந்து காட்டியே ஏமாற்றினார்கள்: கணினி கேபினெட் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

இன்று காலை பத்தரை மணிக்கு ஐந்தாவது முறையாக அந்தக் கடைக்கு அழைத்தேன். ஐந்தாவது முறையும் "ஓனர் வெளியே போயிருக்கார் சார்" என்ற அதே பதில்தான் வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். சென்ற சனிக்கிழமை, சென்னை ரிச்சி தெருவில், கணினி உதிரிப்பாகங்களை விற்று அங்கேயே பொருத்தியும் தருகிற ஒரு கடையில், புதிய கேபினெட்டுக்கும் (கணினியின் பாகங்களை உள்ளே வைக்கும் பெட்டி) அதில் மாட்டும் ஃபேன்களுக்குமாக 17,400 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

திருமண வீடியோக்களை எடிட் செய்து பிழைப்பவன் நான். போன மாதம் வாங்கிய கிராபிக்ஸ் கார்டின் (படங்களையும் வீடியோவையும் கையாளும் கணினிப் பலகை) நீளம் 322 மில்லிமீட்டர். பத்து ஆண்டுகளாக வைத்திருந்த பழைய கேபினெட்டுக்குள் அது நுழையவே இல்லை. மேலும், பழையதன் முன்பக்கம் முழுவதும் மூடிய பிளாஸ்டிக் என்பதால், கத்திரி வெயிலில் இரண்டு மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் (எடிட் முடித்ததை ஒரே கோப்பாக மாற்றினால்) உள்ளே அடுப்பு வைத்தது போலாகிவிடும். ஆகவே எனக்கு வேண்டியவை மூன்றே மூன்று: முன்பக்கம் வலையாக இருக்க வேண்டும், கார்டு உள்ளே அடங்க வேண்டும், மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) வழியாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, வயர் நுனியில் நான்கு முனை இணைப்பான் உள்ள ஃபேன்கள் ஆறு வேண்டும். இவற்றைத் தாளில் எழுதி, கார்டையும் பெட்டியோடு கையில் எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். இதைவிட எச்சரிக்கையாக ஒருவன் எப்படிப் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் நம்பிய இடம் எது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளை உங்களையும் அங்கேதான் பிடிப்பார்கள். கார்டு உள்ளே போகுமா என்று நான் கேட்டதும், கல்லாவில் இருந்தவர் வாயால் பதில் சொல்லவில்லை. இழுப்பறையிலிருந்து ஓர் இரும்பு டேப்பை எடுத்து, கேபினெட்டின் பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்கத் தகடு வரை இழுத்து, "நீங்களே பாருங்க சார்" என்று என் பக்கம் திருப்பிக் காட்டினார். 33 சென்டிமீட்டர். பிறகு என் கார்டையும் அளந்தார், 32.2. எனக்குத் தேநீர் வந்தது. தன் வீட்டு கம்ப்யூட்டருக்கும் இதே கேபினெட்டைத்தான் போட்டிருப்பதாக அவர் சொன்னபோது, இத்தனை கடைகள் இருக்கும் தெருவில் அளந்து காட்டி விற்கிற ஒருவரிடம் வந்து சேர்ந்தோமே என்று உள்ளுக்குள் மகிழ்ந்துகூடப் போனேன்.

அந்த டேப் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் அளந்தது முன்பக்கத்தில் ஒரு ஃபேன்கூட மாட்டாத வெறும் கேபினெட்டை. சாதாரண 120 மில்லிமீட்டர் ஃபேனின் கனம் 25 மில்லிமீட்டர். அதை முன்பக்கத்தில் மாட்டினால் கார்டுக்கு மிஞ்சுவது 305 மில்லிமீட்டர்தான். இது அந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரிந்த கணக்கு. தெரிந்துகொண்டேதான் முன்பக்கத்துக்கு மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று என்று அவர் ஆறு ஃபேன்களையும் என் தலையில் கட்டினார்.

கேபினெட் 9,900, ஃபேன்கள் தலா 950 வீதம் 5,700, ஃபேன் வயர்களைச் சேர்த்து இணைக்கும் ஹப் 800, பொருத்துகூலி 1,000. ஆக 17,400 ரூபாய். ஜிஎஸ்டி பில் போட்டால் விலை ஏறும் என்று சொல்லி, வெள்ளைத் தாளில் எஸ்டிமேட் என்று தலைப்பிட்ட ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அதில் கடைப் பெயரும் இல்லை, மாடல் எண்ணும் இல்லை. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது கடையின் பெயருக்குப் பதிலாக யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்தது. அப்போதாவது கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

பழைய கணினியையும் கார்டையும் அவர்களிடம் விட்டுவிட்டு, திங்கட்கிழமை மாலை பொருத்தி முடித்ததைத் தாம்பரத்துக்குத் தூக்கி வந்தேன். அன்றிரவு எக்ஸ்போர்ட் போட்டபோது பிராசசர் 96 டிகிரியைத் தொட்டது. பழைய கேபினெட்டிலேயே இவ்வளவு போனதில்லை. பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். முன்பக்கத்தில் மூன்று ஃபேன்கள் இருக்க வேண்டிய இடத்தில், மேல் ஓரத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. கார்டின் முனைக்கும் முன்பக்கத் தகட்டுக்கும் இடையே என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. மீதி இரண்டு ஃபேன்கள் கேபினெட்டிலும் இல்லை, கொடுத்தனுப்பிய பையிலும் இல்லை. ஃபேனில் மோட்டாரைத் தாங்கும் கம்பிகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். பின்பக்க ஃபேனிலோ அந்தக் கம்பிகள் உள்ளே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதாவது வெப்பத்தை வெளியே தள்ள வேண்டியது உள்ளே ஊதிக்கொண்டிருந்தது.

இன்னும் இருக்கிறது. நான்கு முனை ஃபேன் என்று காசு வாங்கியவர்கள் மாட்டியிருந்தது, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மோலெக்ஸ் என்ற இணைப்பான் வழியாக நேராக மின்சாரம் எடுக்கும் ஃபேன்களை. இவற்றை மதர்போர்டால் கட்டுப்படுத்த முடியாது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயோஸில் நான்கு கேபினெட் ஃபேன்களின் வேகமும் சுழியம் என்றுதான் காட்டுகிறது. காலையில் மின்னஞ்சல் பார்த்தாலும் இரவில் எடிட் செய்தாலும் ஒரே இரைச்சல். ஒன்பது திருகுகள் போட வேண்டிய மதர்போர்டுக்கு ஐந்துதான் போட்டிருந்தார்கள். மேல்பக்கத் தூசி வலையை உருவினால் விரலில் கறுப்பாக அப்பியது. புதுக் கேபினெட்டின் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாளும் இல்லை. கடை வாசலில் பல மாதம் காட்சிக்கு வைத்திருந்த பீஸைத்தான் புதிது என்று என்னிடம் தள்ளியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அழைத்தபோது, புகைப்படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள். பதினோரு படங்கள் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை. அன்று மாலை மறுபடி அழைத்தபோது, இரண்டு ஃபேன்கள் இடம் போதாமல் கழற்றப்பட்டன என்றும், அவை கடையில் பத்திரமாக இருக்கின்றன என்றும் சொன்னார்கள். புதன்கிழமை நேரில் போனால் அப்படி எதுவும் இல்லை என்றார்கள். மோலெக்ஸ் விவகாரத்தைக் கேட்டதற்கு, ஸ்டாக்கில் அதுதான் இருந்தது என்று பதில். வெப்பத்தைப் பற்றிக் கேட்டபோது, அன்று எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்த அதே மனிதர், "ரூம்ல ஏசி போட்டுக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிக்கொண்டார். அந்த அடுத்தவர் கையிலும் ஒரு கிராபிக்ஸ் கார்டு பெட்டி இருந்தது. டேப் மேசைமேல் தயாராக இருந்தது. நான் அவரிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்ததும் கடைப் பையன் என்னை வாசல் வரை நாகரிகமாக நகர்த்திக் கொண்டுவந்து விட்டான்.

கேபினெட் தேர்ந்தெடுப்பது பற்றி விரிவாக எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன். இப்போது அதற்கான பொறுமை இல்லை. கேபினெட்டுக்குள் கார்டுக்கான இடத்தை அளக்கும்போது முன்பக்க ஃபேனின் 25 மில்லிமீட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள். தண்ணீரால் பிராசசரைக் குளிர்விக்கும் வாட்டர் கூலரின் ரேடியேட்டரையும் முன்பக்கம் வைப்பதாக இருந்தால் அதன் கனத்தையும் சேர்த்துக் கழியுங்கள். ஃபேன் வயரின் முனையைப் பெட்டியைத் திறந்து கண்ணால் பாருங்கள். அட்டைப்பெட்டி உங்கள் முன்னால் பிரிக்கப்படாவிட்டால் வாங்காதீர்கள். கூடவே நின்று பொருத்தி வாங்குங்கள். எஸ்டிமேட் சீட்டு பில் அன்று. பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைகள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.

என்னிடம் இருப்பவை அந்த வெள்ளைச் சீட்டு, யாரோ ஒருவர் பெயருக்கு 17,400 ரூபாய் போனதைக் காட்டும் யுபிஐ பதிவு, நீல டிக் விழுந்த பதினோரு படங்கள். இவற்றை வைத்துக்கொண்டு மதியம் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கப் போகிறேன்.