மருந்து சந்தேகத்துக்கு ஏஐ சாட்பாட்: நாள்பட்ட உபயோகத்துக்குப் பிறகு

“மாசாமாசம் காசு கட்டி வெச்சுக்கலாமுங்களா, சும்மா கெடைக்கறதே போதுமுங்களா?” ஈரோடு, கோபி பக்கம் சுகர், பிரஷர் மாத்திரை வாங்குகிற வீடுகளில் ஏஐ சாட்பாட்டைப் பற்றி இப்போது இதுதான் கேள்வி. எந்த ஆப், எப்படி இறக்குவது என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். லேப் ரிப்போர்ட் படித்துச் சொல்ல இதைப்போல ஆள் கிடையாது. 70 வயது அம்மாவுக்கு கிட்னி டெஸ்டில் கிரியேட்டினின் 1.4 என்று வந்தால், ‘கொஞ்சம் கூடத்தான் இருக்குது’ என்று தாளை மடித்து வைத்துவிடுவோம். வயதையும் பெண் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், சிறுநீரகம் வடிகட்டும் திறன் 40 வாக்கில் இருக்கிறது, சுகருக்குப் போடும் மெட்ஃபார்மின் அளவை டாக்டரிடம் கேளுங்கள், 30க்குக் கீழே போனால் அந்த மாத்திரையை நிறுத்த வேண்டிவரும் என்று தமிழிலேயே விளக்குகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியும் அப்படித்தான். ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் சலித்துக்கொள்வதில்லை.

அங்கே நன்றாக ஓடக் காரணம், வேண்டிய விவரமெல்லாம் தாளிலேயே இருப்பது. தாளில் இல்லாததை நம்மிடம் கேட்டு வாங்க இதற்குப் பெரும்பாலும் வருவதில்லை. என் எரிச்சல் முழுக்க அதில்தான்.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். “20 யூனிட் போடச் சொன்னாங்க, எப்படி ஏத்தறது” என்று கேட்டால், சிரிஞ்சில் 20 கோடு வரை இழுங்கள் என்று அழகாகப் படிப்படியாகச் சொல்லும். எந்தக் குப்பி, எந்தச் சிரிஞ்ச் என்று கேட்காது. அமெரிக்காவில் எம்எல்லுக்கு 100 யூனிட் என்பதே வழக்கம். அதையே இங்கேயும் நினைத்துக்கொள்கிறது. நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் 40, இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100. சிவப்பு மூடிச் சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. பேனா மக்கர் செய்த அன்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அது அரை எம்எல், அதாவது 50 யூனிட். சுகர் தாழ்ந்து ஆள் மயங்கி விழலாம். 40 குப்பியை ஆரஞ்சு மூடியில் 20 வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சுகர் இறங்காது; ‘இந்த மருந்து கேக்கல’ என்று அளவைக் கூட்டுவார்கள். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்ச் கிடைத்துவிட்டால் அதுவும் ஆபத்து.

குழந்தைக் காய்ச்சல் மருந்திலும் இதே கதை. பாராசிட்டமால் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கைச் சரியாகச் சொல்லிவிடும். 12 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் ஒரு வேளைக்கு 180. அதை எம்எல்லாக மாற்றும்போதுதான் கோட்டை விடுகிறது. அமெரிக்க சிரப் 5 எம்எல்லில் 160. இங்கே 120, 125, 250 என்று விதவிதமாக இருக்கிறது. சொட்டு மருந்தில் ஒரு எம்எல்லிலேயே 100. அந்த 180க்கு 120 சிரப்பில் 7.5 எம்எல், 250ல் 3.6, சொட்டு மருந்தில் 1.8. பாட்டிலைப் பார்க்காமல் சொல்லும் எம்எல் எதுவும் பதிலே அல்ல.

இதைவிட மோசமானது கட்டுவிரியன் பாம்புக் கடி. கடித்த தடம் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. தோட்டத்துச் சாளையில் தரையில் படுத்தவருக்கு விடியற்காலை வயிற்று வலி, அப்புறம் இமை சொருகல். “விடிகாலைல வயித்து வலி” என்று மட்டும் அடித்தால் கேஸ், அல்சர் என்று பட்டியல் போடும். ராத்திரி எங்கே படுத்தார் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னால் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி என்று சரியாகவே சொல்கிறது. அந்த நேரத்தில் அதனிடம் தட்டச்சு செய்துகொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆகவே, ஆளுக்கு ஒரு புது உரையாடல் திறந்து முதல் வரியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்: வயது, எடை, சுகர், பிரஷர், கிட்னி, கர்ப்பமா, ஒவ்வாமை, மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் மருந்துப் பெயர். கிளைகோமெட் ஜிபி என்ற சுகர் மாத்திரையில் ‘ஜிபி’யை விட்டுவிட்டால், சுகரை அளவுக்கு மீறித் தாழ்த்தக்கூடிய கிளிமெபிரைடு கணக்கிலேயே வராது. அட்டையை வெட்டி வாங்கினால் பெயர் இன்னொருவர் துண்டோடு போய்விடும். படம் எடுத்தும் பயனில்லை. கடைசி வரியாக, ‘பதில் சொல்வதற்கு முன் வேண்டியதை என்னிடம் கேள்’ என்று போடுங்கள். பாதிக்குப் பாதி எரிச்சல் அதிலேயே குறையும். “கஷாயம் குடிச்சா மாத்திரைய நிறுத்திக்கலாம்ல?” என்று நம் ஆசையைக் கேள்வியாக்கினால் அதுவும் தலையாட்டப் பார்க்கும்; அதற்குப் பதில் “நிறுத்தினால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள்.

காசு கட்டினாலும் இந்தக் கேட்காத குணம் முழுசாகப் போவதில்லை. இத்தனை திட்டியும் நான் சந்தாவை நிறுத்தவில்லை. ரிப்போர்ட் படிக்கிற சுகம் அப்படி. ஆனால் இன்சுலினுக்கும் குழந்தை மருந்துக்கும் மட்டும் மெடிக்கலுக்கே நடங்கள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள், அதற்குக் காசும் வாங்க மாட்டார்கள்.