வண்டியை லாரியில் அனுப்பப் போகிறீர்களா, முதலில் இதைப் படித்துவிடுங்கள்

லடாக் போக வேண்டும், கூடாரம் போட்டுத் தங்கிக்கொண்டே பைக்கில் ஊர் திரும்ப வேண்டும் என்று திட்டம் போட்டு வைத்திருக்கிற, முக்கியமாக ஓய்வு பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன ஜூனில் எனக்கும் என் சம்பந்திக்கும் நடந்தது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது.

எனக்கு வீடு திருமங்கலத்தில். கப்பலூர் டோல்கேட் தாண்டிப் போகிற நாலு வழிச்சாலையைத்தான் வேலைக்குப் போன காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேசிய நெடுஞ்சாலை 44. ஸ்ரீநகரில் ஆரம்பித்து கன்னியாகுமரி வரை, 3,700 கிலோமீட்டருக்கு மேல். ரிட்டயர் ஆனதும் அதை முழுசாக ஓட்டிவிட வேண்டும் என்று ஆசை. சம்பந்திக்கும் அதே பைத்தியம். அவரிடம் புல்லட், என்னிடம் ஹிமாலயன். சண்டிகர் வரை வண்டிகளை அனுப்பிவிட்டு நாங்கள் ரயிலில் போவது, அங்கிருந்து மணாலி, அடல் சுரங்கம், ஜிஸ்பா, சர்ச்சு, லே, கார்கில், ஸ்ரீநகர், அப்புறம் 44-ஐப் பிடித்து நேராகக் கீழே. மணாலி தாண்டிய பிறகு வரும் தாண்டி என்கிற ஊரில் டேங்க்கை நிரப்பினால் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளி என்று போர்டு வைத்திருப்பார்களே, அதற்காக ஆளுக்கு ஒரு அஞ்சு லிட்டர் கேன்கூட வாங்கி வைத்திருந்தோம். எட்டு மாதமாகப் போட்ட திட்டம். பேத்திக்கு ஜூலை கடைசியில் காதுகுத்து, அதற்குள் திரும்பிவிட வேண்டும், அது ஒன்றுதான் கெடு.

வண்டியை அனுப்புகிற பொறுப்பு என்னுடையது. நெட்டில் தேடி நம்பர் கொடுத்த அரை மணி நேரத்தில் ஏழு பேர் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் வண்டிக்கு 11,000, 12,000 என்று சொல்ல, ஒருவர் மட்டும் 6,800 என்றார். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வோம், எட்டு நாளில் சண்டிகரில் டெலிவரி. பேச்சில் முதல் கேள்வியே, "சார் ரிட்டயர்டா? எங்க அப்பா வயசு சார் உங்களுக்கு, நான் பாத்துக்கிறேன்." ரயில்வே பார்சலில் போடலாமா என்று யோசிக்கிறேன் என்றேன். ஐயோ சார், அங்கே தூக்கிப் போடுவான், கீறல் விழும், நீங்கள் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும் என்று பயமுறுத்தினார். நானும் நம்பினேன்.

வண்டி எடுக்க வந்த பையன்கள் வேறு ஆட்கள், போனில் பேசியவருக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. இதுதான் பிறகு எனக்குப் புரிந்த விஷயம்: போனில் பேசுகிறவர் வெறும் இடைத்தரகர், முன்பணத்தை வாங்கிக்கொண்டு வேலையைக் குறைந்த காசுக்கு இன்னொருவரிடம் தள்ளிவிடுகிறார், அவர் வேறொரு லாரிக்காரரிடம் தள்ளுகிறார். கடைசியில் வண்டி யார் கையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கையில் கொடுத்தது ஒரு மஞ்சள் துண்டுச்சீட்டு. அதில் கம்பெனி பெயர் இல்லை, லாரி நம்பர் இல்லை, "2 பைக், சண்டிகர்" என்று பேனாவில் எழுதியிருந்தது. "ஒரிஜினல் எல்.ஆர். வாட்ஸப்புல வந்துரும்ணே" என்றான். எல்.ஆர். என்றால் லாரி ரசீது. வரவே இல்லை.

இன்னொன்று, இதைக் கவனமாகப் படியுங்கள். ரயில்வேயில் போட்டால் டேங்க்கில் சொட்டு பெட்ரோல் இல்லாமல் வடித்துவிடச் சொல்வார்கள். இவன் சொன்னது, "அரை டேங்க் இருக்கட்டும்ணே, ஏத்தி இறக்க வசதி." அதோடு கூடாரம், ஸ்லீப்பிங் பேக், ஸ்டவ் எல்லாவற்றையும் சைடு பெட்டியிலேயே வையுங்கள், தனி சார்ஜ் இல்லை என்றான். பெரிய உதவி என்று நினைத்து எல்லாவற்றையும் வைத்துப் பூட்டினேன்.

இன்சூரன்ஸ் என்று வண்டி மதிப்பில் 3 சதவீதம். எனக்கு 4,500, சம்பந்திக்கு 3,600. பாலிசி நம்பர் கேட்டதற்கு, கம்பெனியே பொறுப்பு சார் என்றார்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் போட்ட சான்று உங்கள் கைக்கு வரவில்லை என்றால் நீங்கள் இன்சூரன்ஸ் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் சண்டிகர் போய் இறங்கிய மறுநாள் போன் வந்தது. இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் எடுக்கிற சீட்டு), ஸ்டேட் பெர்மிட், ஏதோ கிரீன் டாக்ஸ், இரண்டு வண்டிக்கும் சேர்த்து 18,600 கட்டினால்தான் வண்டி நகரும். நாம் ஓட்டிய சொந்த வண்டி, நம் பெயரிலேயே போய் நம் கைக்கே வருகிறது. பயன்படுத்திய சொந்தப் பொருட்களுக்கு இ-வே பில் தேவையில்லை என்று ஜி.எஸ்.டி. விதியிலேயே இருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தெரியாது. லாட்ஜ் வாடகை ஏறிக்கொண்டே இருந்தது, கட்டிவிட்டோம். அதற்குப் பிறகு பதினோரு நாள் "நாளைக்கு சார்", "லாரி பிரேக்டவுன் சார்". கடைசியில் வண்டி டெல்லியில் ஒரு குடோனில் இருக்கிறது, நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு இந்திக்காரர் பேசினார்.

பஸ் ஏறிப் போனோம். பழைய வாஷிங் மெஷின்களுக்கும் மெத்தை மூட்டைகளுக்கும் நடுவில் என் வண்டி நின்றது, சம்பந்தியின் புல்லட் இடது பக்கமாகப் படுத்துக் கிடந்தது. கண்ணாடி உடைந்து, கிராஷ் கார்டு உள்ளே வளைந்து, டேங்க்கில் உள்ளங்கை அளவுக்கு ஒடுக்கு. என் சைடு பெட்டியின் பூட்டை நெம்பியிருந்தார்கள். ஸ்டவ் இல்லை, இரண்டு ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை. மீட்டரில் புழுதி அப்பியிருந்தது, துண்டால் துடைத்துப் பார்த்தேன். 21,733. அனுப்புவதற்கு முந்தின நாள் எங்கள் ஊர்ப் பட்டறையில் சர்வீஸ் விட்ட பில்லில் 21,340 என்று எழுதியிருக்கிறது. பட்டறைக்கும் வீட்டுக்கும் 4 கிலோமீட்டர்தான். மீதி 389 கிலோமீட்டரை யாரோ ஓட்டியிருக்கிறார்கள். அரை டேங்க் பெட்ரோல் எதற்கு என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. வழியில் யாரையாவது இடித்திருந்தால் போலீஸ் தேடி வந்திருப்பது ஆர்.சி.யில் இருக்கும் என் பெயரைத்தான்.

சம்பந்தி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. புல்லட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, "விடுங்க சம்பந்தி, உங்க மேல என்ன தப்பு" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ரிப்பேருக்கு அஞ்சு நாள். மலையில் உடம்பு பழகுவதற்கென்று வைத்திருந்த நாட்கள் எல்லாம் போய்விட்டன. சர்ச்சு 4,200 மீட்டருக்கு மேல், லே போகிற வழியில் இருக்கிற தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல், அறுபது தாண்டிய நாங்கள் அவசர அவசரமாக ஏறக் கூடாது, ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை. லடாக்கை விட்டுவிட்டு டெல்லியிலிருந்தே 44-ஐப் பிடித்து ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத் என்று ஊர் வந்து சேர்ந்தோம். சியோனிக்கும் நாக்பூருக்கும் நடுவில், மிருகங்கள் கீழே கடப்பதற்காக ரோட்டையே தூக்கிக் கட்டியிருக்கிற பெஞ்ச் காட்டு வழி ரொம்ப அழகு. அதையும் முழு மனசோடு ரசிக்க முடியவில்லை.

லாரிதான் வேண்டும் என்றால், வண்டியை ஏற்றும் முன்பே லாரி ரசீது உங்கள் கையில் இருக்கட்டும். அதில் நிறுவனத்தின் பதிவு எண், லாரி நம்பர், வண்டியின் மதிப்பு மூன்றும் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்திலேயே போட்டுப் பாருங்கள், யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். மீட்டர், டேங்க், நாலு பக்கமும் அவர்கள் ஆள் நிற்கும்போதே வீடியோ எடுங்கள். சம்பந்தி வண்டிக்கு அந்த மாதிரி எதுவும் இல்லாததால் அது எவ்வளவு ஓடியது என்று இன்று வரை எங்களால் காட்ட முடியவில்லை. ஒரிஜினல் ஆர்.சி. கொடுக்காதீர்கள், ஜெராக்ஸில் "வண்டி அனுப்ப மட்டும்" என்று குறுக்கே எழுதித் தேதி போடுங்கள். பெட்டியில் ஒரு ஸ்பூன்கூட வைக்க வேண்டாம்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் பேசாமல் இருந்துவிடாதீர்கள். பணம் போன உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் பண்ணுங்கள், நுகர்வோர் உதவிக்கு 1915. சரக்கு சேதத்துக்கு, புக்கிங் ஆன நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலமாக நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும், 2007-ம் வருஷத்து சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது, அதைத் தவற விட்டால் கேஸ் நிற்காது. வழக்கைப் போட டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். நான் மதுரையில் போட்டிருக்கிறேன், சர்வீஸ் பில்லையும் குடோனில் எடுத்த மீட்டர் படத்தையும் இணைத்து.

வருகிற ஜூனில் மறுபடியும் கிளம்புகிறோம். மதுரையிலிருந்தே சண்டிகருக்கு ரயில் இருக்கிறது. போன வாரம் பார்சல் ஆபீசுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தேன்: ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாள அட்டை நகல்கள், பெட்ரோல் வடித்த வண்டி, சாக்குச் சுற்றி பேக்கிங், அட்டையில் பேரும் ஊரும். பேக்கிங் பண்ணும்போது நான் பக்கத்திலேயே நிற்பேன். சம்பந்தி இப்போதே புது ஸ்லீப்பிங் பேக் இரண்டு வாங்கி வைத்துவிட்டார், எனக்கும் சேர்த்து.