கச்சான் காற்றிலும் சூடேறாத சேர்வர் அறை

மட்டக்களப்பில் சேர்வர் வைத்திருப்பவர்களுக்கு, எங்களுக்கு வேலை செய்த கல்லடி ஏசி திருத்துநரைத் தயங்காமல் சொல்வேன். கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று தொடங்கியதும் எங்கள் அலுவலகத்தில் ஏசி ஓடியபடியே இருக்க, சேர்வர் விசிறிகள் இரைந்து தள்ளின. வந்தவர் புது ஏசி விற்கப் பார்க்கவில்லை. சேர்வர்களை அடுக்கி வைக்கும் ராக்கின் பின்னால் கையை வைத்துப் பார்த்தார். வெளியேறும் சூட்டுக் காற்று சுவரில் பட்டு, மேலால் சுற்றி முன்பக்கமே வந்துகொண்டிருந்தது. ராக்கை முன்னே இழுத்து, காலித் தட்டுகளைத் தகடு போட்டு மூடி, குளிர்காற்று முன்பக்கம் விழும்படி திருப்பிவிட்டார். அப்புறம் வெளி யூனிட்டில் உப்புக் காற்றால் படிந்த அழுக்கை நல்ல தண்ணீரால் பொறுமையாகக் கழுவினார். அந்தப் பொறுமைக்கே காசு கொடுக்கலாம்.

இப்போது சேர்வருக்குள் போகும் காற்று 24 பாகை. குளிரூட்டல் பொறியியலாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே (ASHRAE) பரிந்துரைப்பது 18 முதல் 27 வரை, ஆகவே அறையை நடுங்க வைக்கத் தேவையில்லை.

ஒரு குறை உண்டு. கரண்ட் போனால் எங்கள் யுபிஎஸ் சேர்வரைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. அறை மளமளவென்று சூடேறும். அதற்கு வேண்டிய வெப்ப எச்சரிக்கைக் கருவியை இவர் பொருத்துவதில்லை, வேறிடத்தில்தான் வாங்க வேண்டும்.