சென்னை ரிச்சி தெருவில் விண்டோஸ் 11 போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

2025 அக்டோபர் 14க்குப் பிறகு விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் ஆன் ஆகாது, பேங்க் வெப்சைட் திறக்காது, பிரிண்டர் வேலை செய்யாது என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். அந்தத் தேதியோடு நின்றது மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தந்துவந்த வழக்கமான அப்டேட்களும் தொழில்நுட்ப உதவியும் மட்டும்தான். கம்ப்யூட்டர் அடுத்த நாளும் ஓடும், அடுத்த வருடமும் ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை யாரும் தானாக வந்து அடைக்க மாட்டார்கள், அதுதான் பிரச்சினை. அது சின்னப் பிரச்சினை என்று சொல்லவில்லை. ஆனால் அதை நிதானமாக யோசித்து முடிவு செய்ய நேரம் இருக்கிறது.

எங்கள் சித்தப்பாவுக்கு அந்த நேரத்தைத் தரவில்லை.

அவர் திருவல்லிக்கேணியில் பல வருடங்களாக டிடிபி சென்டர் வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கோவில் விழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை, பள்ளி மலர் எல்லாம் செய்வார். நானும் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். 2017இல் வாங்கிய பிராண்டட் டெஸ்க்டாப், இன்டெல் ஐ5 ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 10 ஹோம் கூடவே வந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஃபேன் சத்தம் போடுகிறது என்று அதை, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனார். போன இடத்தில்தான் இந்த அக்டோபர் பூதத்தைக் காட்டியிருக்கிறார்கள். "சார், பதினாலாம் தேதிக்கு மேல இது வெறும் டப்பா. இன்னிக்கே பதினொண்ணு போட்டுடலாம், ஒரிஜினலே போட்டுத் தர்றோம். டேட்டா ஒண்ணும் போகாது, நாங்க பொறுப்பு." பத்திரிகை சீசன் நேரம். மிஷின் நின்றால் தொழில் நின்றுவிடும் என்று அவர் சரி சொல்லிவிட்டார். லைசென்ஸ் 2,500, இன்ஸ்டலேஷன் 800, டேட்டா பேக்கப் 700. ஆக 4,000 ரூபாய். பில்லில் மூன்றையும் சேர்த்து 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரே வரி.

மாலையில் சிபியு வந்தது. ஃபேன் சத்தம் அப்படியே இருந்தது, அது வேறு கதை.

ஆன் செய்து ஒரு பழைய பத்திரிகை ஃபைலைத் திறக்கலாம் என்றால் பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரே இல்லை. டெஸ்க்டாப்பில் வைத்திருந்த நடப்பு வேலைகள் எதுவும் இல்லை. அப்கிரேட் என்று சொன்னவர்கள் சி டிரைவை ஃபார்மட் அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. முறையாக அப்கிரேட் செய்தால் ஃபைல்களும் சாஃப்ட்வேர்களும் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லையென்றால் பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் போய்ப் பழைய விண்டோஸுக்குத் திரும்பவும் முடியும். ஃபார்மட் அடித்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும். கடைக்கு அதுதான் சுலபம். பென்டிரைவைச் சொருகி நாலு தடவை நெக்ஸ்ட் அழுத்திவிட்டு அடுத்த சிபியுவுக்குப் போய்விடலாம்.

"டி டிரைவைத் தொடவே இல்லையே சார்" என்றார்கள் போனில். உண்மைதான். பழைய வேலைகள் எல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருந்தன. ஆனால் டிடிபி தொழிலில் ஃபைல் இருந்தால் போதுமா? எழுத்துரு வேண்டாமா? யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மணமகன் பெயர், முகூர்த்த நேரம், மண்டப முகவரி எல்லாமே ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் டாலர் குறியுமாக வந்து நிற்கும். சித்தப்பாவின் எழுத்துருக்கள் முழுவதும் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்தவை. பேக்கப்புக்கு 700 ரூபாய் வாங்கியவர்கள் அந்த ஃபோல்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எதை பேக்கப் எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகை ஒன்று பிரஸ்ஸுக்குப் போகவேண்டிய நிலையில் டெஸ்க்டாப்பில் இருந்தது. நல்லவேளை, பெண் வீட்டாருக்கு வாட்ஸப்பில் அனுப்பிய புரூஃப் இருந்தது. அதைப் பார்த்து ராத்திரி உட்கார்ந்து மறுபடி முழுவதும் டைப் செய்தோம். எழுத்துருக்களுக்கு சித்தப்பா காலத்து சிடிக்களைத் தேடி எடுத்து, சிடி டிரைவ் உள்ள ஒரு நண்பரின் கடையில் போட்டுப் பார்த்தோம். சிலது படித்தது, சிலது கீறல்.

அடுத்தது அந்த 'ஒரிஜினல்'. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன் என்று போய்ப் பார்த்தேன். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எந்த நிறுவனம்? எங்கள் சென்டரில் சித்தப்பாவும் நானும்தான். இது கேஎம்எஸ் என்ற முறை. பெரிய கம்பெனிகள் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களைத் தங்கள் சர்வரோடு இணைத்து ஆக்டிவேட் செய்யும் ஏற்பாடு. ஒருமுறை ஆக்டிவேட் ஆனால் 180 நாள் தாங்கும், அதற்குள் சர்வரைத் தொடர்புகொண்டு புதுப்பித்துக்கொள்ளும். லைசென்ஸ் இல்லாமல் ஓடவைக்கும் கிராக் போடுபவர்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போலி சர்வரை உட்காரவைத்துவிடுகிறார்கள். நீங்களும் பார்க்கலாம்: ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து ரன்னைத் திறந்து, எஸ்எல்எம்ஜிஆர் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு எக்ஸ்பிஆர் என்று அடியுங்கள் (slmgr /xpr). காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் என்றால் நிரந்தரம் என்று வரும். எங்களுக்கு ஒரு காலாவதித் தேதி வந்தது.

விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் உண்டு, அதையும் திறந்து பாருங்கள். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் டிஃபெண்டர் இந்த கிராக்கைக் கண்டால் பிடித்துத் தூக்கிவிடும் என்பதால் அந்த ஃபோல்டரைப் பார்க்காதே என்று அதில் எழுதிவைத்துவிட்டிருந்தார்கள். பாதுகாப்புக்காக என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, காவல்காரனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டிருக்கிறார்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால் அந்த 2,500 எந்தக் கணக்கிலும் வராது. ஒரிஜினல் விண்டோஸ் 10 ஓடும் தகுதியான கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் 11 இலவசம். எங்களுடையதோ தகுதியே இல்லாதது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்கிறது. அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டிப்போகிற மாதிரி மாற்றிய பென்டிரைவில்தான் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டாலும் ஓடும். ஆனால் அந்த மாதிரிக் கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று உறுதி தரமாட்டோம் என மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அப்டேட் நின்றுவிடும் என்று பயமுறுத்தி, அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

நான் நேரில் போனேன். கல்லாவில் இருந்தவர் முதலில் "எல்லாரும் இப்படித்தான் மேடம் போடுறாங்க" என்றார். ஆக்டிவேஷன் பக்கத்தை போட்டோ எடுத்துப்போயிருந்தேன், காட்டினேன். "அது சும்மா மெசேஜ்." சரி, லைசென்ஸுக்குத் தனி பில் கொடுங்கள் என்றேன். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து 2,500ஐ மட்டும் நீட்டினார். மீதி 1,500 'வேலை செஞ்ச காசு' என்று தரவில்லை. டேட்டா பொறுப்பு என்று சொன்னது யார் என்று கேட்டால், அந்தப் பையன் இப்போது வேலையில் இல்லையாம்.

ரிச்சி தெருவில் நல்ல கடைகளே இல்லை என்று சொல்ல வரவில்லை. என் முதல் கம்ப்யூட்டரே அங்கே வாங்கியதுதான், இப்போதும் ஓடுகிறது.

பிறகு நாங்களே சரிசெய்தோம். மைக்ரோசாஃப்ட் வெப்சைட்டிலிருந்து 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 10ஐ இறக்கிப் போட்டோம். பிராண்டட் கம்ப்யூட்டரில் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே இருப்பதால் கேட்காமலே ஆக்டிவேட் ஆனது. கடைக்காரர்கள் புரோ பதிப்பைப் போட்டிருந்தார்கள், எங்களுடையது ஹோம் பதிப்பு, அதனால் ஹோமே போடவேண்டியிருந்தது. அப்புறம் அப்டேட் பக்கத்தில் இஎஸ்யு என்ற கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டோம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். செட்டிங்ஸை அந்தக் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசு இல்லை, அது வேண்டாமென்றால் 30 டாலர். இதைக் கடையில் ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

உங்களுடைய கம்ப்யூட்டர் தகுதியானதா என்று தெரிய மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற சின்ன செயலி போதும். தகுதி உண்டு என்றால் என் கருத்து, விண்டோஸ் 11க்குப் போய்விடுங்கள், வீட்டிலிருந்தே, அப்டேட் பக்கத்திலிருந்தே. டிபிஎம் இல்லை என்று மட்டும் வந்தால் மதர்போர்டு மாற்றச் சொல்பவரை நம்புமுன் பயாஸில், அதாவது விண்டோஸ் திறக்குமுன் வரும் அடிப்படை செட்டிங்ஸில், பாருங்கள். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் ஆஃப் ஆகிக் கிடக்கலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் பயாஸில் கைவைக்குமுன் ரெக்கவரி கீயை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பழைய கம்ப்யூட்டர் என்றால் இஎஸ்யுவில் சேர்த்துவிட்டுப் புதியதற்குக் காசு சேருங்கள். டிடிபி வைத்திருப்பவர்கள் எந்த முடிவு எடுத்தாலும் முதலில் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் போட்டுவிடுங்கள்.

கடையில் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், அப்கிரேடா ஃபார்மட்டா, எதை பேக்கப் எடுக்கிறார்கள், லைசென்ஸ் எந்த வகை என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். மீதி 1,500க்காக நான் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். சித்தப்பா விடு என்கிறார். நான் விடுவதாக இல்லை.