மூன்றாம் நாள் வரச்சொல்லும் டாக்டர்: தொண்டை வலிக்கும் இருமலுக்கும் நான்கு வழிகள்

கோலாலம்பூரில் காய்ச்சல், தொண்டை வலி, இருமல் என்று தனியார் கிளினிக்குக்குப் போகிறவர் பெரும்பாலும் நாலைந்து பிளாஸ்டிக் உறைகளோடுதான் வெளியே வருகிறார். ஒன்றில் பாராசிட்டமால், ஒன்றில் மூக்கொழுகலுக்கான சின்ன மஞ்சள் மாத்திரை, ஒன்றில் வாயில் அடக்கிக்கொள்ளும் மாத்திரை, கூடவே ஒரு புட்டி இருமல் மருந்து. கடைசி உறையில் இரு நிறக் கேப்ஸ்யூல்கள்; பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக். அதன் மேல் ‘முழுவதையும் முடிக்கவும்’ என்று மலாயில் எழுதியிருக்கும். இந்த அலசல் அந்தக் கடைசி உறையைப் பற்றியது.

அந்த ஆன்டிபயாடிக்கை டாக்டர் உடனே கொடுக்கலாம். வேண்டாம் என்று அனுப்பிவிடலாம். கிளினிக்கிலேயே ஒரு சோதனை செய்துவிட்டு முடிவெடுக்கலாம். அல்லது, இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று தள்ளிவைக்கலாம். நான் பிரிக்ஃபீல்ட்ஸில் மருந்தாளராக வேலை செய்கிறேன். இந்த நான்கு வழிகளில் போனவர்களும் ஏதாவது ஒரு கட்டத்தில் என் கவுன்டருக்கு வருகிறார்கள். என் ஓட்டு நான்காவதற்கு. ஆனால் அதற்குள்ளேயே நான்கு வகை இருக்கிறது; நம் ஊருக்கு அவற்றில் ஒன்றுதான் பொருந்தும்.

உடனே கொடுப்பது

இதற்கும் ஒரு நியாயம் உண்டு. நோயாளிக்கு வேலை இருக்கிறது, மறுபடி வர நேரமில்லை, செந்தூலிலிருந்து நெரிசலில் வந்து போவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. டாக்டருக்கும் ஒரு சங்கடம்: இவர் கேட்டது கிடைக்காவிட்டால் அடுத்த தெருக் கிளினிக்குக்குப் போய்விடுவார். தனியார் கிளினிக்குகளின் ஆலோசனைக் கட்டணம் 10 முதல் 35 ரிங்கிட் என்ற வரம்புக்குள் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. இங்கே மருந்தை எழுதுகிறவரும் விற்கிறவரும் ஒருவரே. பேசியதற்குப் பத்து ரிங்கிட், பைக்கு நாற்பது ரிங்கிட் என்று ஒரு ஏற்பாடு இருந்தால் பை கனக்கத்தான் செய்யும். இதற்காக டாக்டர்களை மட்டும் திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, பலன் என்ன? தொண்டை வலி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழுவின் கணக்கில், ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு வலி சராசரியாக 16 மணி நேரம் முன்னதாக நின்றது. சாப்பிடாதவர்களிலும் பத்தில் எட்டுப் பேருக்கு ஒரு வாரத்தில் தானாகவே சரியாகிவிட்டது. நெஞ்சுச் சளி இருமலில் மிச்சமாவது ஏறக்குறைய அரை நாள். சாதாரணச் சளிக்கு ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அது வைரஸ். இந்த அரை நாளுக்கு விலையாக வயிற்றுப்போக்கு வரலாம், தோலில் தடிப்பு வரலாம். சுரப்பிக் காய்ச்சல் என்னும் வைரஸ் நோயைத் தொண்டைப் புண் என்று எண்ணி அமோக்சிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் சிவந்து போவதுண்டு. அப்புறம் அந்த ஆள் வாழ்நாள் முழுக்கத் தனக்குப் பென்சிலின் ஒவ்வாமை என்று சொல்லிக்கொண்டு திரிவார்.

ஆன்டிபயாடிக்கைத் தேவையில்லாமல் சாப்பிடச் சாப்பிட அதற்கு அடங்காத கிருமிகள் பெருகும். அப்படிப்பட்ட கிருமிகளால் 2019இல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தார்கள் என்ற மதிப்பீடு உண்டு. ஆனால் காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவரிடம் அந்த எண்ணைச் சொல்லிப் பயனில்லை. அவரை நேராகத் தொடுவது டெங்கி. டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்; மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் அது வரும். முதல் நாளே கேப்ஸ்யூல் தொடங்கியவர், நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் ‘மருந்து வேலை செய்துவிட்டது’ என்று நிம்மதியாகப் படுத்துவிடுவார். இரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. பையில் வலிக்காக, இரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும் டைக்லோஃபினாக்கும் இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். கோலாலம்பூரில் ஆன்டிபயாடிக்கை உடனே கொடுப்பதன் பெரிய கேடு இந்தப் பொய்யான நிம்மதிதான் என்பது என் கருத்து.

வேண்டாம் என்று அனுப்புவது

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கான ‘கிளினிக் கெசிஹாத்தானில்’ இது அதிகம் நடக்கிறது. 2014ஆம் ஆண்டின் தேசிய மருத்துவப் பராமரிப்பு ஆய்வில், தனியார் கிளினிக்குக்கு வந்தவர்களில் 30.8 விழுக்காட்டினருக்கு ஆன்டிபயாடிக் தரப்பட்டது. அரசாங்கக் கிளினிக்குகளில் 6.8 விழுக்காடு. இதைப் பார்த்து அரசாங்க டாக்டர்கள் உத்தமர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு ரிங்கிட் கட்டி அங்கே வரிசையில் உட்காருபவர்களில் நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகள் ஏராளம். சளிக் காய்ச்சல்காரர்கள் வேலைக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வேண்டும் என்று தனியாரிடம்தான் ஓடுகிறார்கள். ஆனாலும் வித்தியாசம் அத்தனையும் அதனால் மட்டும் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வேண்டாம் என்று சொல்வது மருத்துவப்படி பெரும்பாலும் சரி. சொல்லும் விதத்தில்தான் அது தோற்கிறது. ஒரு நாள் காலை, பாதி காலியான அட்டையை நீட்டியபடி ஒரு பெண் வந்தார்.

“அக்கா, போன மாதம் வீட்டுக்காரருக்கு இதில்தான் சரியானது. இப்போது மகளுக்கு இருமல். இதே மாதிரி பத்துக் கொடுங்கள்.”

“டாக்டரிடம் காட்டினீர்களா?”

“காட்டினேன். ஒன்றுமில்லை, வைரஸ்தான் என்று அனுப்பிவிட்டார். ஆனால் சளி பச்சையாக வருகிறது அக்கா, நானே பார்த்தேன்.”

எங்கள் கடையில் ஆன்டிபயாடிக்கைச் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம் அப்படி. பச்சை நிறம் நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியிலிருந்து வருவது, வைரஸ் சளியிலும் அது வரும் என்றேன். இருமல் எத்தனை நாள் என்று கேட்டேன். ஐந்து நாள். இந்த மாதிரி இருமல் மூன்று வாரம் வரை இழுக்கும் என்றதும் அவர் முகம் மாறியது. “மூன்று வாரமா? டாக்டர் அதைச் சொல்லவே இல்லையே!”

தொண்டை வலி ஒரு வாரம், சளி ஒன்றரை வாரம், சைனஸ் அடைப்பு இரண்டரை வாரம், இருமல் மூன்று வாரம். இந்த நான்கு கணக்கையும் கிளினிக் சுவரில் ஒட்டிவைத்தால் பாதிப் பேர் மறுமுறை வரமாட்டார்கள். நாள் கணக்குச் சொல்லாமல் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பினால், அவர்கள் கண்டிப்பாக வேறு எங்காவது போவார்கள்.

சோதனை செய்து முடிவெடுப்பது

கேட்பதற்கு இதுதான் மிகவும் நியாயமான வழியாகத் தெரியும். தொண்டைக்கு முதலில் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது: காய்ச்சல் உண்டா, உள்நாக்குச் சதையில் வெள்ளைப் படிவு உண்டா, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி வலிக்கிறதா, இருமல் இல்லையா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண்; இதைச் சென்டோர் மதிப்பெண் என்பார்கள். நான்கும் சேர்ந்திருந்தால்கூட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான் காரணம் என்பதற்கு ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. ஒன்றோ பூஜ்யமோ என்றால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டியதில்லை. இருமலும் மூக்கொழுகலும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் வைரஸ். பஞ்சுக் குச்சியால் தொண்டையைத் தடவிப் பார்க்கும் துரித சோதனை பத்து நிமிடத்தில் விடை தரும். அந்தக் கிருமி இருப்பவர்களில் ஏறக்குறைய 85 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிக்கும்.

இருமலுக்கு சி.ஆர்.பி. என்ற விரல்நுனி இரத்தப் பரிசோதனை; உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் ஒரு புரதத்தை அது அளக்கும். பிரிட்டிஷ் வழிகாட்டி ஒன்றில் சொன்னபடி, அளவு 20க்குக் கீழே என்றால் ஆன்டிபயாடிக் வேண்டாம், 100க்கு மேலே என்றால் கொடு, நடுவில் என்றால் தள்ளிவை. நெதர்லாந்தில் 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்தக் கருவியைப் பயன்படுத்திய டாக்டர்கள் 31 விழுக்காட்டினருக்கு ஆன்டிபயாடிக் எழுதினார்கள். பயன்படுத்தாதவர்கள் 53 விழுக்காட்டினருக்கு. அதே ஆய்வில், கருவி இருந்தவர்கள் இல்லாதவர்கள் இரு தரப்பிலும், டாக்டர்களில் ஒரு பகுதியினருக்கு வேறொன்றும் செய்தார்கள். நோயாளியின் பயத்தைக் கேட்டறிந்து பேசுவதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் எழுதியது 27 விழுக்காடு, பயிற்சி இல்லாதவர்கள் 54. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது கருவியின் தாக்கம் மங்கிவிட்டது, பேச்சுப் பயிற்சியின் தாக்கம் நின்றது. கருவிக்குச் செலவழிக்கத் துடிக்கும் கிளினிக்குகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் ஊருக்கென்று வேறொரு சிக்கலும் இருக்கிறது. முதல் நாள் எம்.சி. இல்லாவிட்டால் சம்பளம் போகும் என்பதால், காய்ச்சல் தொட்ட சில மணி நேரத்திலேயே ஆள் கிளினிக்கில் இருப்பார். சி.ஆர்.பி. ஏறுவதற்கே ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், உச்சத்தைத் தொட இரண்டு நாள். காலையில் காய்ச்சல், மத்தியானம் சோதனை என்றால் அந்த எண்ணை நம்பி எதையும் சொல்ல முடியாது. முதல் நாளுக்குப் பொருத்தமான சோதனை, டெங்கி வைரஸின் புரதத்தை இரத்தத்தில் தேடும் என்.எஸ்.1. ஆனால் அது எதிர்மறையாக வந்தாலும் டெங்கி இல்லை என்று உறுதியாகிவிடாது.

தள்ளிவைப்பது

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவ ஆய்வாளர் பால் லிட்டிலின் குழு இதை 1990களிலிருந்து சோதித்து வருகிறது. 2014இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, தள்ளிவைப்பதிலேயே நான்கு வகையை ஒப்பிட்டது: தேவைப்பட்டால் நோயாளி மறுபடி கிளினிக்கைத் தொடர்புகொள்வது, பின் தேதியிட்ட சீட்டு, சீட்டைப் பிறகு வந்து எடுத்துக்கொள்வது, மருந்துச் சீட்டை இப்போதே கையில் கொடுத்து, நீங்களே பார்த்து முடிவெடுங்கள் என்று விடுவது. நான்கிலும் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் 40 விழுக்காட்டுக்குக் கீழே. உடனே வாங்கியவர்களில் 97 விழுக்காட்டினர் சாப்பிட்டார்கள். நோயின் கடுமையிலோ திருப்தியிலோ பெரிய வித்தியாசம் இல்லை.

இங்கிலாந்தில் நான்கும் சமம் என்றால் இங்கேயும் சமமா? கையில் கொடுப்பது இங்கே சீட்டாக இருக்காது, மருந்து உறையாகவே இருக்கும். வீட்டில் அலமாரியில் இருக்கும் உறையை இரண்டாம் நாள் இரவு பிரிக்காமல் இருப்பது யாருக்கும் கஷ்டம். பிரிக்காமல் வைத்தாலும் மிஞ்சியது தம்பிக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும். பின் தேதியிட்ட சீட்டு ஒழுங்கான வழி; கிளினிக்கில் எழுத்துச் சீட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு மருந்தகத்துக்கு வரலாம். 2025 மே 1 முதல் கிளினிக்கும் மருந்தகமும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று ஆகிவிட்டதால் விலையை ஒப்பிடுவதும் எளிது. ஆனால் சீட்டு இருப்பவர் டாக்டரை மறுபடி பார்க்காமல் நேராக என்னிடம் வந்துவிடுவார்.

ஆகவே எனக்குப் பிடித்தது முதல் வகை: மருந்தும் இல்லை, சீட்டும் இல்லை, ‘காய்ச்சல் விடாவிட்டால் மூன்றாம் நாள் வாருங்கள், மூச்சு வாங்கினாலோ எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ அன்றே வாருங்கள்’ என்ற வார்த்தை. மூன்றாம் நாள் என்பது டெங்கியா என்று இரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்களையும் தட்டணுக்களையும் எண்ணிப் பார்ப்பதற்கும் நல்ல நாள். பாக்டீரியாவால் வந்த தொண்டைப் புண்ணாக இருந்தால் அதற்குள் முகம் காட்டியிருக்கும். ஒரே வருகையில் இரண்டு கேள்விக்கும் விடை. இதில் குறை, இரண்டாம் முறை வருவதற்கான காசும் லீவும். இரண்டாம் வருகைக்குக் கட்டணம் வாங்காத டாக்டர்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவரைக் கண்டுபிடித்து அவரிடமே நிலையாகப் போவது, முதலாளி பணம் கட்டும் பேனல் கிளினிக்குகளின் பட்டியலில் வாரத்துக்கொன்று என்று மாறுவதைவிடப் பல மடங்கு நல்லது.

குழந்தைகளின் காது வலிக்கும் இதே வழி பெரும்பாலும் பொருந்தும். இரண்டு வயதுக்கு மேல், ஒரு காதில் மட்டும் வலி, சீழ் வடியவில்லை என்றால் வலிக்கு மருந்து கொடுத்து இரண்டு மூன்று நாள் பார்க்கலாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இந்த அலசல் எதுவும் வேண்டாம், உடனே மருத்துவமனை.

தள்ளிவைப்பது தோற்கும் இடம் சிறுநீர்த் தொற்று. எரிச்சலோடு அடிக்கடி சிறுநீர் போகும் பெண்ணைக் காத்திருக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியில் 2015இல் வெளிவந்த ஆய்வில், முதலில் ஐபுபுரோஃபென் என்ற வலி மருந்து மட்டும் வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாடிக் இல்லாமலே குணமானார்கள். ஆனால் அந்தப் பிரிவுதான் அதிக வலி அனுபவித்தது, சிறுநீரகத் தொற்று வரை போனதும் அந்தப் பிரிவில்தான் அதிகம். இங்கே உடனே கொடுப்பதே சரி. எதைக் கொடுப்பது என்பதில்தான் வித்தியாசம். நைட்ரோஃபுரண்டோயின் ஐந்து நாள் பெரும்பாலும் போதும். சிப்ரோஃப்ளாக்சசின் வேகமானது என்ற பெயரில் இன்னும் சிலர் அதையே கேட்கிறார்கள். தசைநாண் கிழிவது உள்ளிட்ட அபாயங்களால், வேறு வழி இருக்கும்போது சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு அதைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016இலேயே எச்சரித்துவிட்டது. கர்ப்பிணி, ஆண், குளிர் நடுக்கத்தோடு விலாவில் வலிக்கிறது என்பவர் ஆகிய மூவரும் மருந்தைத் தொடங்கும் முன் சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டுக் கொடுத்தால் ஆய்வகத்தில் ஒன்றும் வளராமல் போகலாம்.