படுவான்கரையில் 'அசர்' வாசிப்புத் தாள்: எங்கே கைகொடுக்கும், எங்கே ஏமாற்றும்

தரம் 4, 5 பிள்ளைகளில் யாருக்கு வாசிக்க வராது என்பதைத் தவணைப் பரீட்சைப் புள்ளி காட்டித் தராது. வினாவை வாசிக்கத் தெரியாமலே கோடிழுத்து, வட்டமிட்டு 35 எடுத்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த இடத்தில்தான் 'அசர்' (ASER) தாள் பயன்படுகிறது. இந்தியாவின் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் வாசிப்பை அளந்துவரும் கருவி இது. தமிழிலும் இருக்கிறது, இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கப் பாடசாலைகளிலும் மாலை வகுப்புகளிலும் இதைத் தயங்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அச்சடித்தபடியே கொடுக்கக் கூடாது.

தாளில் எழுத்து, சொல், தரம் 1 மட்டத்துப் பந்தி, தரம் 2 மட்டத்துக் கதை என நான்கு படிகள். ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே கூப்பிட்டு, பந்தியில் தொடங்க வேண்டும். மூன்று பிழைக்கு மேல் போகாமல், வசனமாக ஓட்டத்தோடு வாசித்தால் கதைக்குப் போகலாம். முடியாவிட்டால் சொல்லுக்கு இறங்க வேண்டும். பிள்ளை தானே தெரிந்தெடுக்கும் ஐந்து சொற்களில் நான்கு சரியாக வர வேண்டும். வராவிட்டால் எழுத்து, அதிலும் ஐந்துக்கு நான்கு. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்களே போதும். பிள்ளை தன் பிழையைத் தானே திருத்தினால் அது பிழையல்ல. பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கும் அக்காவைத்தான் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தமிழ்நாட்டு வழக்குச் சொற்கள் வந்தால் மாற்றிவிடுங்கள். தரம் 2 பாடநூலிலிருந்து சொற்களை எடுக்கலாம், பந்தியை எடுக்காதீர்கள், பாடமாக்கி ஒப்புவித்துவிடுவார்கள். 'மழை'யை 'மளை' என்று உச்சரித்தால் அது ஊர்ப் பேச்சு, வாசிப்புப் பிழையல்ல. 'காற்று' என்பதைக் 'காத்து' என்றால் மட்டும் நின்று, எழுத்து எழுத்தாகத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வாசித்தானா, ஊகித்தானா என்று அப்போது தெரிந்துவிடும்.

கூடுதலாகச் சறுக்கும் இடம் உயிர்மெய்தான். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னால் நிற்பதால் 'கொ'வைக் 'கெ' என்றும் 'கா' என்றும் பிரித்து வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. புள்ளியைக் கவனிக்காமல் 'பட்டம்' என்பதைப் 'படடம' என்று இழுப்பவர்களும் உண்டு. தாள் இந்த இருவரையும் ஒரே படியில் போட்டுவிடும், ஆனால் இருவருக்கும் வேண்டிய பாடம் வெவ்வேறு. ஆகவே படியை மட்டும் குறித்து நிறுத்தாமல், எந்த எழுத்தில் தடுக்கினார்கள் என்றும் ஓரத்தில் எழுதி வையுங்கள். இதற்குத் தாளில் இடமில்லாதது பெரிய குறை.

'அசர்' கணிதத் தாளும் உண்டு; அதில் எண் அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுத்தல் ஆகியவை இருக்கின்றன. தொடக்கத்துக்குப் போதும்.

உச்சப்படியே தரம் 2 கதைதான் என்பதை மறக்கக் கூடாது. அதை வாசித்த தரம் 5 பிள்ளை புலமைப்பரிசில் வினாத்தாளை விளங்கிக்கொள்வாள் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். வாசித்தது விளங்கியதா என்றும் இந்தப் படிகள் சொல்லாது; கதையிலிருந்து இரண்டு கேள்வி நீங்களே கேட்டுப் பாருங்கள். பெறுபேற்றை ஆசிரியரை மட்டம்தட்டப் பயன்படுத்தினால், அடுத்த முறை எல்லாப் பிள்ளைகளும் 'கதை'ப் படியில்தான் நிற்பார்கள்.

வகுப்பறைக்குள் மட்டும் நடத்தினால் அளவே பிழைத்துவிடும். பெரும்போக அறுவடை நாட்களில் வயலுக்குப் போன பிள்ளையும், தாய் வெளிநாட்டில் இருக்க வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையும் அன்றைக்கு வரவு இடாப்பில் இருக்கமாட்டார்கள். வாசிக்க வராமல், வகுப்பில் உட்கார வெட்கப்பட்டு, கடைசியில் இடைவிலகுபவர்கள் இவர்களுக்குள்ளேயே அதிகம். கட்டாயக் கல்வி 16 வயது வரை என்ற சட்டம் பெயரைப் பதிவில் வைத்திருக்கலாம், வாசிக்கக் கற்றுக்கொடுக்காது. அந்த வாரம் வராதவர்களின் பெயரைக் குறித்து, தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போங்கள். இந்தக் கருவி வீட்டு வாசலுக்காகச் செய்யப்பட்டதுதான்.

அளந்தபின் தரத்தை ஒதுக்கிவிட்டு, வாசிப்புப் படி வாரியாகக் குழு பிரித்துத் தினமும் ஒரு மணித்தியாலமாவது கற்பிக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் பிரதம் இதைப் பத்து, இருபது நாள் முகாம்களாக நடத்தி நல்ல பலன் கண்டது. கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் பாதை அடைபடும் நம் கிராமங்களுக்குப் பத்து நாள் சுற்றுத்தான் பொருந்தும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மறுபடி அளக்கும்போது வேறு பந்தி, வேறு கதை உள்ள தாளைக் கொடுங்கள். எழுத்துப் பெரிதாக, வரி இடைவெளி விட்டு அச்சடித்து லேமினேற் செய்தால் ஒரே தாள் பல பிள்ளைகளுக்கு ஓடும்.