மைனரா, ஏ40 சமர்செற்றா?

கோடைகாலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தென் இங்கிலாந்தின் ஏதாவதொரு கிராமத்துப் பப்பின் கார் தரிப்பிடத்துக்குப் போனால் பழைய கார்க்காரர்களைக் காணலாம். மடக்குக் கதிரை, பிளாஸ்கில் தேத்தண்ணி, பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கதை. பத்து வருசமாக நானும் அங்கே ஒரு மடக்குக் கதிரைக்காரன். என்னிடம் இருப்பது 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. எங்கள் கூட்டத்துக்கு ஒஸ்ரின் ஏ40 சமர்செற் ஒன்றே ஒன்றுதான் வரும். அதன் சொந்தக்காரர் எண்பது கடந்த வெள்ளைக்காரர். அந்தக் கார் கல்லுக்கு மேல் மெல்ல உருண்டு உள்ளே வரும்போதெல்லாம் எனக்குள் ஏதோ செய்யும். யாழ்ப்பாணத்தில் என் சித்தப்பா ஹயர் (வாடகைக்கு) ஓடியது அதே கார்.

இரண்டில் எது நல்ல கார் என்று அங்கே கேட்டால் பத்தில் ஒன்பது பேர் மைனர் என்பார்கள். யோசிக்கவே மாட்டார்கள். அம்மா ஓடினது, ஊருக்கு வந்த தாதி ஓடினது, நீலமும் வெள்ளையும் பூசிப் பொலிஸ்காரர் ஓடினது என்று ஆளாளுக்கு ஒரு மைனர் இருக்கும். அதே கேள்வியை ஐம்பது வயது தாண்டிய யாழ்ப்பாணத்து ஆள் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். "ஏ போர்ட்டிதான் தம்பி" என்று வரும். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சண்டையின் வேடிக்கையைச் சொல்லவேண்டும். மொறிஸ் ஒக்ஸ்போர்டை ஒட்டிய கவுலியில் செய்யப்பட்டது, ஒஸ்ரின் பேர்மிங்ஹாமின் லோங்பிரிட்ஜில். இரண்டுக்கும் ஜென்மப் பகை. மொறிஸில் பெரிய பதவியில் இருந்த லெனாட் லோட், முதலாளி நபீல்ட் பிரபுவோடு முறைத்துக்கொண்டு 1936இல் வெளியேறினார். பிறகு ஒஸ்ரினுக்குப் போய்ச் சேர்ந்து, கவுலியைக் கல் கல்லாகக் கழற்றுவேன் என்று சூளுரைத்ததாகக் கதை. 1952இல் இரண்டு கம்பனிகளும் ஒன்றாகி பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டர் கோர்ப்பரேஷன்) ஆனபோது மேல்கை ஒஸ்ரினுக்குத்தான். அதே வருசம் மைனரின் பழைய 918 சிசி எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சினைப் போட்டார்கள். ஆகவே இன்று மைனருக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவர் பொனற்றைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒஸ்ரின். இதை எங்கள் கூட்டத்தில் ஒருநாள் சொல்லிவிட்டு, நானும் மைனர்க்காரன் என்பதால்தான் தப்பினேன்.

ஓட்டத்தில் போட்டியே கிடையாது. மைனர் வென்றுவிடும், அதுவும் பெரிய இடைவெளியில். அலெக் இசிகோனிஸ் வரைந்த கார் அது. பிறகு மினியைச் செய்த அதே மனிதர். ராக் அண்ட் பினியன் ஸ்ரேறிங், முன்னுக்கு முறுக்குக் கம்பி சஸ்பென்சன். வளைவில் விரலால் திருப்பினால் கார் கேட்கும். 1948இல் வெளிவரும் கடைசி நேரத்தில், கார் ஒடுக்கமாகத் தெரிகிறதென்று மாதிரிக் காரை நெடுக்காக வாளால் அறுத்து, இரண்டு பாதியையும் மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்து, நாலு அங்குலத்தில் நிறுத்தினாராம். இன்றைக்கும் எந்த மைனரின் பொனற்றிலும் நடுவால் ஓடும் மேடான பட்டியில் கையை வைத்துப் பார்க்கலாம். அந்த நாலு அங்குலம் அதுதான். நபீல்ட் பிரபு மட்டும் இந்தக் காரைக் கண்டு முகம் சுளித்தார். தண்ணீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டை மாதிரி இருக்கிறது என்றார். அந்த முட்டை 16 லட்சத்துக்கு மேல் விற்றது. பத்து லட்சத்தை எட்டிய முதல் பிரித்தானியக் காரும் அதுதான்.

சமர்செற் ஓடுவதென்றால் கட்டிலை ஓடுவது போல. சேசிக்கு மேல் பொடி வைத்துக் கட்டிய, ஏறத்தாழ ஒரு தொன் பாரமுள்ள வண்டி. மைனர் முக்கால் தொன்தான். கியர் ஸ்ரேறிங் தண்டில். ஸ்ரேறிங்கைக் கொஞ்சம் திருப்பினால் முதலில் எதுவும் நடக்காது, பிறகு நிறைய நடக்கும். வளைவில் கார் மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் சாயும். 1200 சிசி, 42 குதிரை வலு. மைனர் 1000இன் 948 சிசியோ 37 குதிரையில் அதைவிடச் சுறுசுறுப்பு. நெடுஞ்சாலையில் லொறிகளுக்கு நடுவே சமர்செற்றைக் கொண்டுபோகிற துணிவு எனக்கில்லை. மைனரையே இடது ஓரத்தில், கொஞ்சம் பயத்தோடுதான் ஓடுகிறேன். ஏழு அங்குல பிறேக் டிறம் என்றால் சும்மாவா? முன்னால் போகிறவன் திடீரென்று நிறுத்தினால் நாம் கடவுளைக் கூப்பிடவேண்டும். 1962இல் வந்த 1098 சிசி மைனருக்கு முன்னால் எட்டு அங்குலம் போட்டார்கள். வாங்குகிறவர் அதைப் பார்த்து வாங்கினால் நல்லது.

மைனரின் இன்னொரு கெட்ட பழக்கத்தையும் சொல்லவேண்டும். முன் சில்லைத் தாங்கும் தண்டு கீழே ஒரு மரையில் திருகியிருக்கும். கிறீஸ் அடிக்காமல் விட்டால் அந்த மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு மடங்கிக் காருக்கடியில் போய்விடும். எனக்கு நடந்தது கடைத்தெருவில், பார்க்கிங்கில் இருந்து ரிவர்ஸ் எடுக்கும்போது. நாய்க்குட்டி முன்னங்காலை மடக்கிப் படுப்பது போலக் கார் படுத்துவிட்டது. அதற்கு மூன்று மாதம் முந்தித்தான் ஒரு கராச்காரன் "எல்லா இடமும் கிறீஸ் அடிச்சாச்சு" என்று காசு வாங்கியிருந்தான். அன்றிலிருந்து கிறீஸ் கன்னை நானே பிடிக்கிறேன். நல்லவேளையாக இது பெரும்பாலும் மெல்லப் போகும்போது, சில்லை முழுதாகத் திருப்பும்போதுதான் நடக்கும் என்று கூட்டத்தில் ஆறுதல் சொன்னார்கள். சமர்செற்காரர் அன்று முழுக்கச் சிரித்தபடி இருந்தார்.

சத்தத்தில் எனக்கு மைனர்தான். திறப்பைத் திருப்பியதும் பெற்றோல் பம்பு டிக் டிக் டிக் என்று அடித்து, நிரம்பியதும் தானாக நிற்கும். அடிக்காவிட்டால் பொனற்றைத் திறந்து ஸ்பனரால் ஒரு தட்டு. இறக்கத்தில் காலை எடுத்தால் சைலன்சரில் இருந்து வருகிற சத்தத்தை இங்கே நாகரிகமாக எழுத முடியாது. மைனர்க்காரருக்கு அது சங்கீதம்.

இடவசதிக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாயும். மைனரில் முன்னுக்கு இரண்டு தனிச் சீற், பின்னுக்கு மெலிந்த மூன்று பேர். சமர்செற்றுக்கு நாலு கதவு, கியர் நடுவில் இல்லாததால் முன்னுக்கே மூன்று பேர். ஒஸ்ரின்காரர் ஆறு பேர் என்று சொல்லியிருக்கலாம், யாழ்ப்பாணத்தில் அது பத்துப் பேர். பொம்பிளை, மாப்பிளை, தோழன், தோழி, மடியில் இரண்டு பிள்ளைகள், டிக்கியில் வாழைக்குலை. சித்தப்பாவின் கார் கலியாணத்துக்கும் போகும், அடுத்தநாள் செத்தவீட்டுக்கும் போகும். இலங்கை நம்பர் தகடுகளில் ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய இங்கிலிஷ் எழுத்துத் தகடு அதற்கு. அந்தத் தகட்டில் அவருக்குக் காரை விடப் பெருமை.

ஆனால் எங்கள் ஆட்கள் ஏ40 என்று சொல்வதற்குக் காரணம் சீற் இல்லை, மண்ணெண்ணெய்.

1990இல் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. ரோட்டோரத்தில் சின்னப் போத்தல்களில் விற்பார்கள், தங்க விலை. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின, அதுவும் மலிவில்லை. விடியற்காலையில் சித்தப்பா எயர் கிளீனரைக் கழற்றி வைத்துவிட்டு, மருந்துக்கடை ஊசியில் இழுத்த பெற்றோலைக் கார்பரேற்றர் வாய்க்குள் அளந்து பீச்சுவார். ஒரு சிசி கூடினாலும் அவருக்கு மனம் வராது. நான் முன்னால் நின்று எஞ்சினைக் கிளப்பும் கம்பியைப் போட்டுச் சுழற்றவேண்டும். பெருவிரலைக் கம்பிக்கு மேலால் போடாதே, எஞ்சின் திருப்பி அடித்தால் விரல் போய்விடும் என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். எஞ்சின் பிடித்ததும் ஓடிப்போய்க் காலால் முறுக்கி, சூடு ஏறும்வரை விடாமல் பிடிப்பார். வெள்ளைப் புகை முற்றத்தை மூடும். ஆச்சி உள்ளேயிருந்து இருமிக்கொண்டே திட்டுவா.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல லேசில் ஆவியாகாது, குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. அழுத்தம் கூடிய எஞ்சினில் நேரகாலமின்றித் தானாக வெடித்து நொக் நொக் என்று இடிக்கும். சமர்செற்றின் எஞ்சின் அழுத்தம் 7.2க்கு 1, அதாவது உள்ளே வரும் கலவையை 7.2இல் ஒரு பங்காக நெரிக்கும். அந்தக் காலத்து மட்டமான பெற்றோலுக்கென்று செய்தது. காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒட்டி இருப்பதால் சூடும் கிடைக்கும். மைனரிலும் குழாய்கள் ஒரே பக்கம்தான், ஆனால் 948 சிசி எஞ்சினின் அழுத்தம் 8.3க்கு 1. இங்கிலாந்தில் மைனரை வெல்ல வைத்த அதே எண் அங்கே அதன் காலை வாரியது. ஏற்றம் என்று சொல்லவே ஒன்றுமில்லாத யாழ்ப்பாணத்தில், ஆள் நிறைந்தால் பாலத்து ஏற்றத்திலேயே மைனர் இடிக்கும் என்று மைனர்க்காரர் முறைப்படுவார்கள். பழைய 803 சிசி மைனர் வைத்திருந்தவர்கள் இதில் தப்பினார்கள். அதன் அழுத்தமும் 7.2தான்.

இன்னொன்றும் நடக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டிக் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலோடு கலக்கும். மற்றக் கார்களில் ஓட ஓட ஒயில் குறையும். எங்கள் காரில் கூடும்! சித்தப்பா அளவுக் கம்பியை இழுத்து முதலில் பார்க்கமாட்டார், மணந்து பார்ப்பார். மணத்தை வைத்தே இன்னும் எத்தனை ஹயர் தாங்கும் என்று சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சமர்செற்றைப் பற்றி இன்னும் இரண்டு விசயம், அலசலுக்கு வெளியேதான். ஏ40 கார்கள் சென்னையை அடுத்த எண்ணூரிலும் பூட்டப்பட்டன. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டர்ஸ் செய்த முதல் வேலையே அதுதான், பிறகுதான் இங்கிலாந்து லொறிக் கம்பனியான லேலண்ட் வந்து சேர்ந்தது. ஜப்பானில் நிசான் 1953இல் ஒஸ்ரினின் அனுமதியோடு இதே சமர்செற்றைப் பூட்டியது. பிற்காலத்தில் யாழ்ப்பாணத்து ரோட்டில் இருந்து ஏ40ஐத் துரத்தியது ஜப்பான் வாகனம் என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

இன்றைக்குப் பிரித்தானியாவில் ஒன்றை வாங்க நினைப்பவருக்கு: இரண்டுக்கும் ரோட் ராக்ஸ் இல்லை, நாற்பது வருசம் தாண்டியதால் எம்ஓரி என்கிற வருடாந்தப் பாதுகாப்புப் பரிசோதனையும் கட்டாயமில்லை. செய்துவிடுங்கள், என் சில்லை நினைத்தாவது. 2021 செப்ரெம்பரில் வந்த, பத்து வீதம்வரை எதனோல் கலந்த ஈ10 பெற்றோல் பழைய இறப்பர்க் குழாய்களைத் தின்னும், இரண்டுக்கும் ஐந்து வீதம்வரை மட்டும் கலந்த ஈ5தான் நல்லது. துரு இரண்டையும் சமமாகத் தின்னும். மரச்சட்டம் வைத்த மைனர் ட்ரவலரைக் கண்டு மயங்குகிறவர்கள், அந்த மரம் அலங்காரமில்லை, காரின் பின்பக்கத்தைத் தாங்குவதே அதுதான் என்பதை நினைவில் வைக்கவேண்டும். மரம் உக்கினால் கார் போச்சு.

பாகம் என்று வந்தால் மைனருக்கு முன்னால் சமர்செற் அநாதை. மைனருக்கு ஒரு திருகாணி வேண்டுமென்றாலும் நாளைக்கே தபாலில் வரும். மட்கார்ட், தரைத்தகடு எல்லாம் புதிதாக அடித்து விற்கிறார்கள். 1990களில் தென்னிலங்கையிலேயே மைனர்த் தகடுகள் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வடக்கில் நாங்கள் சைக்கிள் ரியூப்பை வெட்டிப் பம்புக்குத் தோல் போட்டுக்கொண்டிருந்த அதே காலம். சமர்செற் 1952இல் இருந்து 1954வரை ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் வந்தது. எங்கள் கிழவர் ஒரு கதவுப் பிடிக்காக இரண்டு வருசம் தேடினார்.

ஆகவே இங்கே வாங்குவதென்றால் மைனர், அதுவும் 1098 சிசி, நாலு கதவு. எனக்கு அதில் சந்தேகமில்லை. நானே அப்படித்தான் கணக்குப் பார்த்து வாங்கினேன், கதவிலும் சிசியிலும் மட்டும் ஏமாந்துவிட்டேன்.

போன வருசம் கூட்டத்துக்கு ஊரில் ஹயர் ஓடிய அண்ணை ஒருவரைக் கூட்டிப் போனேன். என் மைனரை ஒரு சுற்றுச் சுற்றினார். "வடிவாத்தான் வச்சிருக்கிறாய்" என்றார், அவ்வளவுதான். சமர்செற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றவர் நின்றதுதான். கிழவர் பொனற்றைத் திறந்து காட்டினார். அண்ணைக்கு இங்கிலிஷ் கொஞ்சம், கிழவருக்குக் காது கொஞ்சம். ஆனாலும் இருவரும் அரைமணித்தியாலம் கதைத்தார்கள். நடுவில் அண்ணை யாரையும் கேட்காமல் அளவுக் கம்பியை உருவி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கிழவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

"மணமே இல்லையடா தம்பி" என்றார் அண்ணை, கம்பியைத் துடைத்துத் திரும்பச் சொருகிக்கொண்டு.